சிக்கரிக் கணக்கு: புதிதாகக் காபி வாங்குபவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பற்றி

"குறைந்த செலவில் நல்ல காபி குடிக்கத் தொடங்குவது எப்படி?" இந்த ரகத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் கொஞ்ச நாளாக வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆள் மாறினாலும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். பாக்கெட் தூளை விடுங்கள். வறுத்த தேதி போட்ட கொட்டையாக வாங்குங்கள். கையால் சுற்றும் கிரைண்டர் ஒன்று வாங்குங்கள். தராசு வாங்குங்கள். சர்க்கரையைக் குறையுங்கள், முடிந்தால் பாலையும். சிக்கரியா? ஐயையோ, அது கலப்படம்!

இதையெல்லாம் விருத்தாசலத்தில் உட்கார்ந்து படிக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. 'குறைந்த செலவு' என்று தலைப்பில் போட்டுவிட்டு, காபித்தூளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சில ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கச் சொல்கிறார்களே, இது யாருக்கான குறைந்த செலவு? மாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் காபியை முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

அறிவுரை முழுக்கத் தப்பு என்று சொல்ல வரவில்லை. வறுத்த தேதி முக்கியம்தான். அரைத்த தூளின் மணம் கொட்டையின் மணத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் போய்விடும் என்பதும் உண்மை. ஆறு மாதம் அலமாரியில் இருந்த பாக்கெட்டையும் நேற்று வறுத்து இன்று அரைத்த தூளையும் அடுத்தடுத்துக் குடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும், அதற்கு நாக்குப் பயிற்சி வேண்டாம்.

சிக்கல் பாலில் ஆரம்பிக்கிறது. இவர்கள் பரிந்துரைக்கும் கொட்டை பெரும்பாலும் இளம் வறுப்பு. பழப்புளிப்பும் பூவாசமும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வறுக்கிறார்கள். வெந்நீர் மட்டும் ஊற்றிக் கறுப்பாகக் குடித்தால் அந்தக் குணங்கள் தெரியும். நம்ம ஊரில் டிகாஷனுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ காய்ச்சிய பாலை ஊற்றுகிறோம், மேலே சர்க்கரை. அந்தப் பாலில் இளம் வறுப்பு காணாமலே போகும், மிஞ்சுவது ஒரு மெல்லிய புளிப்பு. புதிதாக வருகிறவர் கால் கிலோவுக்கு ஒரு கிலோ விலையைக் கொடுத்து வாங்கி, பில்டரில் போட்டு, பால் ஊற்றிக் குடித்துவிட்டு, 'இதுக்காடா இவ்வளவு?' என்று பழைய பாக்கெட்டுக்கே திரும்பிவிடுவார். அவர் நாக்கில் கோளாறு எதுவும் இல்லை. கறுப்புக் காபிக்கான அறிவுரையைப் பால் காபிக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இந்த ஒரு வரியைச் சொல்லும் வழிகாட்டி அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

சாமான் விஷயத்திலும் ஒரு வேடிக்கை. வீடியோக்களில் தவறாமல் வரும் பொருள் ஹாரியோ கம்பெனியின் வி60, அதாவது உள்ளே சுருள் வரி ஓடும் கூம்பு. அதன் பீங்கான் வகை ஜப்பானில் அரிதா என்ற பீங்கான் ஊரின் மரபில் செய்யப்படுவது. எங்க ஊரும் பீங்கான் ஊர்தான். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வரும் களிமண், அரசு பீங்கான் தொழில்நுட்ப நிலையம், தொழிற்பேட்டையில் சிறு சூளைகள் எல்லாம் இருக்கின்றன. மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர், கப் அண்டு சாசர், கொலு பொம்மை, அகல்விளக்கு என்று என்னென்னவோ வெளியே போகிறது. பிளாஸ்டர் அச்சில் களிக்குழம்பை ஊற்றி எடுக்கிறவர்களுக்குத் துளை போட்ட ஒரு கூம்பு பெரிய வித்தை இல்லை. ஆனால் அதற்குக் காகித வடிகட்டி வேண்டும், கறுப்புக் காபி குடிக்கும் ஆள் வேண்டும். பால் காபிக்கு அது தேவையே இல்லை. இரண்டு அடுக்கு எவர்சில்வர் பில்டர் போதும். சில நூறு ரூபாய்க்குப் பாத்திரக்கடையில் கிடைக்கும், பேப்பர் வேண்டாம், இருபது வருஷம் உழைக்கும். (பித்தளை டவரா செட் பக்கம் போக வேண்டாம். ஹைவே ஓரம் 'டிகிரி காபி' போர்டு வைத்த கடைகள் அதை ஒரு பேஷன் ஆக்கிவிட்டன. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புத்தன்மை உள்ள எதையும் வைத்துக் குடிப்பது நல்லதல்ல. எங்க ஊர் பீங்கான் கப் எவ்வளவோ மேல்.)

அதற்காக, 'நம்ம பாட்டி வீட்டு பில்டர் காபி இருக்க இதெல்லாம் எதுக்கு' என்று எதிர்ப்பக்கம் நின்று எழுதுகிறவர்களோடும் சேர முடியவில்லை. எல்லாப் பாட்டி வீட்டிலும் பில்டர் இருந்ததா என்ன? ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலின் தலைப்புக் கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும், காபி தமிழ்நாட்டில் ஒரு குறிப்பிட்ட நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக வளர்ந்தது. உழைக்கும் மக்களின் பானமாக டீ நின்றது. சூளையில் வேலை செய்கிற குடும்பத்தில் காபி என்றால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் பாக்கெட்தான். அதிலிருந்து ஒரு படி மேலே போக நினைப்பவரே நான் மனதில் வைத்திருக்கும் 'புதியவர்'. அவருக்குப் பாரம்பரியமும் பதில் சொல்லவில்லை, வீடியோவும் சொல்லவில்லை.

அவருக்கு முதலில் தெரிய வேண்டியது சிக்கரி எவ்வளவு என்பது. சிக்கரி கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு இருக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

சிக்கரி ஒரு செடியின் வேர். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதை வறுத்துப் பொடித்தால் கறுப்பு, கசப்பு, லேசான இனிப்பு எல்லாம் கிடைக்கும், ஆனால் அதில் கஃபீன் கிடையாது. நெப்போலியன் 1806-ல் பிரிட்டனுக்கு எதிராக வணிகத் தடை போட்டபோது, காபி கிடைக்காத பிரான்சு இதைப் பெரிய அளவில் கையிலெடுத்தது. நம்மிடம் வந்து பழக்கமாகவே ஆகிவிட்டது. புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னை ஹோட்டலில் காபி குடித்து மெய்மறக்கும் கடவுளுக்கு, இது சிக்கரி செய்கிற வேலை என்று கந்தசாமிப் பிள்ளைதான் விளக்க வேண்டியிருக்கிறது. (கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம் என்பதை இந்த ஊரிலிருந்து எழுதுகிறவன் சொல்லாமல் விட முடியாது.) அந்த நகைச்சுவை இன்றும் செல்லுபடியாகிறது. கடவுளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கடைக்குப் போகிற நாம் எம்மாத்திரம்?

கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. உணவுத் தர விதிகளைப் பார்த்தால், வறுத்த காபித்தூளில் நீரில் கரையும் பகுதி 26 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். சிக்கரித் தூளில் அது குறைந்தது 55 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது ஒரே அளவு தூளிலிருந்து சிக்கரி அதிகம் கரைந்து வரும், அதிகக் கறுப்பாக, அதிகக் கெட்டியாக. நாம் நல்ல காபிக்கு வைத்திருக்கும் அளவுகோல் என்ன? 'டிகாஷன் திக்கா இருக்கணும், கலர் இறங்கணும்.' இந்தச் சோதனையில் சிக்கரிதான் முதல் மார்க் வாங்கும். மணமும் குடித்த பிறகு நாக்கில் நிற்கும் ருசியும் காபிக் கொட்டையிலிருந்து வருபவை, அவற்றுக்கு நாம் மார்க் போடுவதே இல்லை.

சட்டப்படி 'காபி சிக்கரிக் கலவை' என்று விற்கப்படுவதில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், விகிதத்தை பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அச்சிடுகிறார்கள். இன்ஸ்டன்ட்டிலேயே பாருங்கள், புரூ வாங்கினால் 70 பங்கு காபி, 30 பங்கு சிக்கரி என்று போட்டிருக்கும். ஆனால் நான் கடையில் எடுத்துப் பார்த்த தூள் பாக்கெட்டுகளில் கம்பெனிப் பெயர் தமிழில் விரல் நீளத்துக்கு இருந்தது. விகிதம் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. இரண்டு மூன்றில் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டியிருந்தது. இருக்கிற தகவலை வாங்குபவரிடம் கொண்டு சேர்ப்பது வழிகாட்டி எழுதுகிறவர்களின் முதல் வேலை. அவர்களோ சிக்கரி என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த கிரைண்டருக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்; எண்கள் உதாரணத்துக்குத்தான். சிக்கரி இல்லாத தூள் கிலோ 1000 ரூபாய், சிக்கரி கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60:40 கலவையின் நியாய விலை என்ன? காபிக்கு 600, சிக்கரிக்கு 100, மொத்தம் 700. அதையே ஒருவர் 850-க்கு விற்றால்? சிக்கரிக்கான 100 போக 750 ரூபாய்க்கு அறுநூறு கிராம் காபி வாங்கியிருக்கிறீர்கள். கிலோவுக்குக் கணக்கிட்டால் 1250. சுத்தமான தூளின் விலையைவிட அதிகம்! 'மலிவான' பாக்கெட் வாங்கியவர்தான் காபிக்கு அதிக விலை கொடுத்திருக்கிறார். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி உச்சத்துக்குப் போனது. அந்த மாதிரிக் காலத்தில் பாக்கெட் விலையை ஏற்றுவதைவிட விகிதத்தில் கை வைப்பது எந்த வியாபாரிக்கும் சுலபம். அதனால்தான் விலைச்சீட்டோடு அந்தப் பொடி எழுத்தையும் படியுங்கள் என்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிக்கரி குறைந்தால் டம்ளருக்குத் தூள் கூடுதலாகப் போட வேண்டிவரும். அதே உதாரண விலையில், 60:40-ல் டம்ளருக்கு 8 கிராம் என்றால் 5 ரூபாய் 60 காசு. 80:20 நியாய விலை 850. 9 கிராம் போட்டால் 7 ரூபாய் 65 காசு. டம்ளருக்கு இரண்டு ரூபாய் சொச்சம் வித்தியாசம். நாளுக்கு நான்கு டம்ளர் குடிக்கும் வீட்டில் மாதம் ஏறக்குறைய 250 ரூபாய். இது சின்னத் தொகை இல்லை. காலை டம்ளருக்கு மட்டும் 80:20, மாலையில் பழைய தூள் என்றால் பாதியாகும். இந்த மாதிரித் தீர்மானத்தை எடுக்கக் கிரைண்டர் தேவையில்லை, விகிதம் தெரிந்தால் போதும்.

அடுத்து, பெயர்கள். காபித்தூள் கடைப் பலகையில் 'பிளாண்டேஷன் ஏ', 'பீபெரி', 'செர்ரி' என்று எழுதியிருக்கும். 'ஏ' என்றால் முதல் தரம் என்று நினைத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் சல்லடை அளவு, கொட்டையின் பருமன். 'பிளாண்டேஷன்' என்றால் கழுவிப் பதப்படுத்திய அரபிகா. 'செர்ரி' பழத்தோடு அப்படியே காயவைத்தது. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக வளர்வது. குறைவாகக் கிடைப்பதால் விலை கூடுதல். உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும் என்பார்கள், சரிதான். ஆனால் பாலும் சர்க்கரையும் போட்ட டம்ளரில் பிளாண்டேஷன் ஏ-க்கும் பீபெரிக்கும் இடையே அந்த விலை வித்தியாசத்துக்கான ருசியைத் தேடுவது வீண் என்பது என் கட்சி. அந்தக் காசைச் சிக்கரியைக் குறைப்பதில் போடலாம். கெட்டித்தன்மை வேண்டுமா? கொஞ்சம் ரொபஸ்டா சேர்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் விளைவதில் பெரும்பங்கு அதுதான், அரபிகாவைவிடக் கஃபீனும் அதிகம், பாலுக்கு ஈடுகொடுக்கும். வீடியோக்காரர்கள் ரொபஸ்டாவையும் தாழ்வாகப் பேசுவார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

விருத்தாசலத்திலிருந்து ஒரு ரயில் பாதை சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போகிறது. அந்தப் பக்கம் இறங்கி மலை ஏறினால் ஏற்காடு, காபித் தோட்டம். நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் அரபிகா விளைகிற ஊர்க்காரர்கள் நாம். 'எத்தியோப்பியா வாங்குங்கள், கொலம்பியா வாங்குங்கள்' என்கிற அறிவுரையைப் படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். ஏற்காடு போகிறவர்கள் அரைக் கிலோ வறுத்த கொட்டை வாங்கி வந்து, ஊரில் காபித்தூள் கடையில் அரைத்துத் தரச் சொன்னால் கூலி சொற்பம்தான்.

கடையில் கேட்க வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'நல்ல தூளா குடுங்க' என்று கேட்டால் அவரவர் வழக்கமான கலவையைத்தான் தருவார்கள். "அண்ணே, கொட்டை எப்ப வறுத்தது? எண்பதுக்கு இருபது சிக்கரி போட்டு நூறு கிராம் மட்டும் அரைச்சுக் குடுங்க" என்று கேளுங்கள். நூறு கிராம் கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை. ஏற்கனவே அரைத்து வைத்த டப்பாவிலிருந்து வேண்டாம். அடுத்த தடவை தொண்ணூறுக்குப் பத்து, அதற்கடுத்து சிக்கரியே இல்லாமல். மூன்று தடவைக்குள் உங்கள் நாக்குக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். அது எழுபது முப்பதாகவே இருந்தாலும் சந்தோஷமாகக் குடியுங்கள்.

சொன்ன விகிதத்தில்தான் கொடுத்தாரா என்ற சந்தேகத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமே பரிந்துரைக்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். சதவீதம் இதில் தெரியாது. ஆனால் நூறு சதவீதம் காபி என்று விற்ற தூள் கோடு போட்டால் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. அதற்கு டம்ளரையே கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.