புட்டிங்கை உறைய வைத்தால் ஐஸ்கிரீம் ஆகிவிடுமா?

சென்ற கோடையில் ஒரு நாள், என் மாணவர்கள் நால்வருடன் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றிருந்தேன். சரிவான பாறையின் மீது உருளாமல் நிற்கும் ‘கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து’ என்ற உருண்டைக் கல்லைக் காட்டி ஈர்ப்பு மையம், உராய்வு ஆகியவை பற்றிப் பேசி முடித்தேன். மாலையில் கடற்கரையை ஒட்டிய ஒரு சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்தோம். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே அச்சிட்ட உணவுப் பட்டியலில் ‘ஆப்பிள் கிரம்பிள் ஐஸ்கிரீம்’ என்றொரு பெயர் இருந்தது. பெயரின் புதுமைக்காக அதையே கேட்டோம்.

வந்தது வெண்ணிறக் கட்டி ஒன்று. உள்ளே ஆப்பிள் துண்டுகள் கூழாங்கல்லைப் போல் இறுகிக் கிடந்தன. மேலே தூவியிருந்த மாவுப் பொரி, மழைக்காலத்து முறுக்கைப் போல் நமத்துப் போயிருந்தது. கரண்டியால் குத்திப் பார்த்த மாணவர் ஒருவர், “சார், இதுவும் வெண்ணெய்ப் பந்துதான். யானையைக் கட்டி இழுத்தாலும் அசையாது” என்றார். சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சூடாக உண்ணும்போது அத்தனை சுவையான ஒரு பண்டம், உறைந்தவுடன் ஏன் இப்படிக் கெட்டுப் போகிறது?

அன்று முதல், கண்ணில் பட்ட சமையற் குறிப்புகளையெல்லாம் படிக்கலானேன். அவற்றைப் பற்றிய என் மதிப்பீடே இக்கட்டுரை.

மூன்று வகைக் குறிப்புகள்

கிரம்பிள் என்பது ஆங்கிலேயர் வீடுகளில் செய்யும் எளிய பழப் புட்டிங். ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை சேர்த்துத் தட்டில் பரப்புவார்கள். மைதாவையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் விரலால் பிசிறி அதன்மேல் தூவுவார்கள். சுமார் 180 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் சுட்டெடுப்பார்கள். கீழே குழைந்த புளிப்பினிப்பான பழம், மேலே மொறுமொறுப்பு. இந்த இரண்டும் ஒரே வாயில் சேர்வதுதான் அப்பண்டத்தின் சிறப்பு.

இதனை உறைபொருளாக்கச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் மூன்று வகையாகவே இருக்கின்றன. முதல் வகை, சுட்ட புட்டிங்கை ஆற வைத்துப் பாலேட்டில் கலந்து, ‘ஆறு மணி நேரம் ஃபிரீசரில் வைக்கவும்’ என்று முடித்துவிடும். இரண்டாம் வகை, கடையில் வாங்கிய ஐஸ்கிரீமை உருக்கி, புட்டிங்கைச் சேர்த்து மீண்டும் உறைய வைக்கச் சொல்லும். மூன்றாம் வகை, பச்சை ஆப்பிள் விழுதுடன் எசென்சும் பிஸ்கட் தூளும் சேர்த்தால் போதும் என்னும்.

முதல் வகை பழத்தைக் கல்லாக்குகிறது. இரண்டாம் வகை, ஐஸ்கிரீமில் கடைந்து ஏற்றிய காற்றை வெளியேற்றிவிடுகிறது. உருகிய நீர் மெதுவாக மறுபடி உறையும்போது பெரிய பெரிய படிகங்களாகிறது. மூன்றாம் வகையில் இறுக்கம் குறையலாம். ஆனால் அதில் சுடுதல் என்பதே இல்லை. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் வெப்பத்தால் வினைபுரிந்து பழுப்பேறுவதை 1912இல் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். சுட்ட பண்டத்தின் மணம் பெரிதும் அந்த வினையின் கொடை. எசென்சுக் குப்பியில் அது கிடைக்காது.

மூன்றிலும் பொதுவான குறை ஒன்று உண்டு. ‘என்ன செய்ய வேண்டும்’ என்று சொல்கின்றனவேயன்றி, ‘ஏன்’ என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

பழம் ஏன் கல்லாகிறது?

ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு நீர். மாம்பழத்திலும் ஏறத்தாழ அவ்வளவே. வாழைப்பழத்தில் சற்றுக் குறைவு, 75 பங்கு. நீரில் ஏதேனும் கரைந்திருந்தால் அதன் உறைநிலை தாழும் என்பது பள்ளியில் படித்ததே. ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மோல் கரைபொருள் இருந்தால் உறைநிலை 1.86 டிகிரி தாழும். கரும்புச் சர்க்கரையில் ஒரு மோல் என்பது 342 கிராம். குளுக்கோசில் 180 கிராம்தான். எனவே எடைக்கு எடை பார்த்தால், குளுக்கோஸ் சர்க்கரையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு உறைநிலையைத் தாழ்த்தும்.

இனி ஒரு சிறு கணக்கு. அரைக் கிலோ ஆப்பிளில் சுமார் 430 கிராம் நீரும், 50 கிராம் அளவுக்கு இயற்கைச் சர்க்கரைகளும் உள்ளன. பெரும்பாலும் பிரக்டோசும் குளுக்கோசுமாதலால் ஏறத்தாழ 0.28 மோல் எனக் கொள்ளலாம். கணக்கிட்டால் உறைநிலை சுழிக்குக் கீழ் 1.2 டிகிரி வருகிறது. வீட்டு ஃபிரீசரின் வெப்பநிலையோ சுழிக்குக் கீழ் 18 டிகிரி. நீர் உறைய உறைய, எஞ்சிய கரைசல் செறிந்துகொண்டே போகும். அதன் உறைநிலை 18 டிகிரி அளவுக்குத் தாழும்வரை உறைதல் நிற்காது. அப்போது உறையாமல் மிஞ்சும் நீரின் பங்கு 1.2-ஐ 18-ஆல் வகுத்தால் கிடைக்கும்: நூற்றுக்கு 7. மீதி 93 பங்கும் பனிக்கட்டி! கரண்டி வளைந்ததில் வியப்பென்ன?

அதே ஆப்பிளுடன் 100 கிராம் சர்க்கரை சேர்த்து, 300 கிராம் நீர் ஆவியாகும்வரை சுட்டுச் சுண்ட வைப்போம். எஞ்சுவது 130 கிராம் நீர். அதில் மொத்தம் 0.57 மோல் சர்க்கரைகள். உறைநிலை சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 8 டிகிரிக்குப் போய்விடுகிறது. ஃபிரீசரில் வைத்தாலும் நீரில் நூற்றுக்கு 45 பங்கு உறையாமல் பாகாகவே இருக்கும். செறிந்த கரைசலுக்கு இந்த எளிய விதி துல்லியமாகப் பொருந்தாது. ஆயினும் போக்கைக் காட்ட இது போதும். சில துளி எலுமிச்சைச் சாறும் விட்டால், அமிலமும் வெப்பமும் சேர்ந்து சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிளக்கும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடுமாதலால் உறைநிலை மேலும் தாழும்.

ஆக, குறிப்பு எழுதியவர் ‘நீர் வற்றிப் பாதி எடையாகும்வரை’ என்று நான்கு சொற்கள் சேர்த்திருந்தால் அந்தப் பண்டம் பிழைத்திருக்கும்.

பொரி ஏன் நமக்கிறது?

அப்பளத்தைப் பொரித்து வெளியே வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஐஸ்கிரீமுக்குள் புதைத்த பொரிக்கும் இதே கதிதான். உறைந்த பொருளில் ஈரம் நகராது என்று எண்ணுவது தவறு. உறையாத பாகு எப்போதும் இருக்கிறது. அதிலிருந்து நீர் வறண்ட மாவுக்குள் மெல்ல ஊர்ந்து போகும். இதற்குத் தடை கொழுப்பு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஸ்பிகா என்ற நிறுவனம், கூம்பு பிஸ்கட்டின் உட்புறத்தில் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட்டுப் பூச்சுக் கொடுத்து 1959இல் இச்சிக்கலைத் தீர்த்தது. இன்று நாம் உண்ணும் கோன் ஐஸின் அடியில் சாக்லேட்டு இருப்பதன் காரணம் அதுவே.

இன்னொன்றும் உண்டு. குளிரில் இனிப்பு மங்கும். நாவின் சுவையணுக்களில் இனிப்புச் செய்தியைக் கடத்தும் ஒரு வாயில், வெப்பநிலை தாழும்போது சரிவரத் திறப்பதில்லை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. மணப்பொருள்களும் குளிரில் குறைவாகவே ஆவியாகும். ஆகவே சூடான புட்டிங்குக்கு அளவான இனிப்பும் இலவங்கப்பட்டையும் உறைந்த பண்டத்துக்குப் போதா. அதே அளவைப் படியெடுத்துத் தரும் குறிப்பு, சப்பென்ற பண்டத்தையே தரும்.

முன்னோர் அறிந்த வழி

இதெல்லாம் புதிய ஞானமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய விருந்துகளில் ‘நெசல்ரோட் புட்டிங்’ என்ற உறைபண்டம் புகழ்பெற்றிருந்தது. செஸ்ட்நட் கொட்டை விழுதும் உலர்ந்த திராட்சையும் அதில் சேரும். பச்சைப் பழம் இல்லை. நீர் நீங்கிய பழத்தை மதுவில் ஊற வைத்தே சேர்த்தார்கள். அந்த நாளில் சென்னையில் ஐஸ் என்பதே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. அதைச் சேமிக்க 1842 அளவில் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடம் மெரீனாக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இன்றும் நிற்கிறது. அன்று உறைபண்டம் துரைமார் மேசைக்கு மட்டுமே உரியது.

ஆனால் நம் தெருவில் குல்பி விற்பவரின் பானையைப் பாருங்கள். கடையும் எந்திரம் அவரிடம் இல்லை. பாலை முதலிலேயே சுண்டக் காய்ச்சி நீரைக் குறைத்துவிடுகிறார். மூடிய குப்பிகளை ஐஸும் உப்பும் கலந்த பானையில் இறக்குகிறார். கிரம்பிள் குறிப்பு எழுதுவோர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அந்தப் பானையில் இருக்கிறது.

நாங்கள் செய்து பார்த்தது

கணக்கு சரியா என்று அறிய, அதே மாணவர்களுடன் என் வீட்டிலேயே சோதனை செய்தேன். கொக்கிலமேட்டு மீனவர்கள் மீனுக்குப் போட வாங்கும் ஐஸ் பாரிலிருந்து ஒரு துண்டும், மரக்காணத்துக் கல்லுப்பும் கிடைத்தன. மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. உப்பு பட்டவுடன் ஐஸ் உருகுகிறது. உருக, கிராமுக்கு 334 ஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் பாத்திரத்திடமிருந்தும் எடுத்துக்கொள்வதால் கலவை குளிர்கிறது. கொள்கையளவில் சுழிக்குக் கீழ் 21 டிகிரி வரை போகலாம். எங்கள் வெப்பமானி 15 வரை காட்டியது. (மீனுக்கான ஐஸ் உண்ணத் தக்கதன்று. அது வெளிவாளியில் மட்டும் இருக்க வேண்டும். உள்பாத்திரத்தின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.)

முதல் முயற்சி தோற்றது. இனிப்பு மங்கும் என்ற அச்சத்தில் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். ஒரு மணி நேரம் சுற்றியும் பாயசமாகவே இருந்தது. அதுவும் உறைநிலைத் தாழ்வுதான்! “குல்பிக்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே” என்றார் என் அம்மா. அடுத்த முறை ஒரு லிட்டர் பாலை அரை லிட்டராகக் காய்ச்சி, அளவான சர்க்கரையுடன் வாளியில் இடைவிடாது கிளறினோம். விரைவாகக் குளிர்ந்து, கிளறலும் இருந்தால் படிகங்கள் சிறியனவாகவே நிற்கும். அவை 50 மைக்ரானுக்கு மேல் வளர்ந்தால்தான் நாக்கில் மணல்போல் நெருடும். பாதி உறைந்தபின், சுண்டிய ஆப்பிளைக் கோடுகளாக ஊடே விட்டோம்.

பொரியை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு வெறுமனே. ஒரு பங்கு நெய்யில் புரட்டியது. ஒரு பங்கு உருக்கிய சாக்லேட்டில் தோய்த்தது. ஃபிரீசரில் மூன்று நாள் கழித்துச் சுவைத்தபோது முதலாவது நமத்திருந்தது. இரண்டாவது ஓரளவு தாங்கியது. மூன்றாவது கடித்ததும் நொறுங்கியது. ஆனால் சாக்லேட்டின் சுவை ஆப்பிளை அமுக்கிவிட்டது. பரிமாறும்போது மட்டும் பொரியைத் தூவுவதே மேல் என்பது மாணவர்களின் தீர்ப்பு. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

தீர்ப்பு

ஒன்றை மட்டும் நாங்கள் மீட்க முடியவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கிரம்பிளின் சூடுதான் அது. தாழ்வெப்பநிலை இயற்பியலில் பெயர்பெற்ற நிக்கலஸ் குர்த்தி, 1969இல் சமையலறையில் இயற்பியல் பற்றி லண்டனில் ஆற்றிய உரையில், வெளியே குளிர்ந்தும் உள்ளே சுட்டும் இருக்கும் இனிப்பு ஒன்றை மைக்ரோவேவ் அடுப்பால் செய்து காட்டினார். பனிக்கட்டி மைக்ரோவேவ் அலைகளை மிகக் குறைவாகவே ஏற்கும், திரவம் மிகுதியாக ஏற்கும் என்ற உண்மையை அவர் பயன்படுத்திக்கொண்டார். சாதாரண வீட்டுக்கு அது எளிதன்று. பொரியை வாணலியில் சற்றே சூடேற்றித் தூவினால் அந்த இன்பத்தில் ஒரு சிறு பங்காவது கிட்டும்.

ஒரு பண்டத்தை வேறொன்றாக மாற்றுவதென்பது, அதன் சாமான்களை அப்படியே வேறு பெட்டிக்குள் தள்ளுவதன்று. எந்த உறவால் அது சுவைத்ததோ அந்த உறவைக் காப்பது. குழைவும் மொறுமொறுப்பும், புளிப்பும் இனிப்பும் நிலைக்க வேண்டுமானால் நீரையும் சர்க்கரையையும் புதிதாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

தமிழில் மிகுதியானோர் படித்து, படித்தபடியே செய்து பார்க்கும் செய்முறை எழுத்து சமையற் குறிப்புதான். எந்த ஆய்வுக்கூட ஏட்டுக்கும் அத்தனை வாசகர் இல்லை. அதில் எடை இல்லை, வெப்பநிலை இல்லை, காரணம் இல்லை என்றால், பாலும் பழமும் வீணாவதோடு நிற்பதில்லை. பண்டம் கெட்டதற்குத் தன் ‘கைராசி’யே காரணம் என்று செய்தவர் நம்பிவிடுகிறார். இயற்பியல் தேர்வுக்கு மட்டும் உரியது என்று மாணவரும் நம்பிவிடுகிறார். எனவே ஒவ்வொரு குறிப்பிலும் மூன்றைத் தேடுங்கள்: எவ்வளவு? எந்த வெப்பநிலையில்? ஏன்? மூன்றாவது இல்லாவிட்டால் நீங்களே எழுதிச் சேருங்கள்.

முடிவாக மாணவர்களுக்கு ஒரு வேலை. அரைக் கிலோ வாழைப்பழத்தில் சுமார் 375 கிராம் நீரும் 60 கிராம் சர்க்கரைகளும் உள்ளன. அவற்றைக் குளுக்கோஸ் என்றே கொண்டு, சுழிக்குக் கீழ் 18 டிகிரியில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீர் உறையும் என்று கணக்கிடுங்கள். பின்னர் ஒரு பழத்தை நறுக்கி ஃபிரீசரில் வைத்து, கரண்டியால் குத்திப் பாருங்கள். விடை சரியா என்று கரண்டி சொல்லிவிடும்.