பெயர் ஒன்று, பொருள் இரண்டு

எண்களோடு குறியீடுகளையும் கையாளும் கணனித் தொகுதிகள் அட்சரகணிதத் தொகுதிகள் எனப்படும். மேப்பிள், மதமற்றிக்கா, மக்சிமா, சிம்பை என்பன அவற்றுட் சில. ஒன்றில் எழுதிய கோவையை மற்றொன்றுக்கு மாற்றுதல் வெறும் எழுத்துப்பெயர்ப்பே எனக் கருதுவாருளர். பெயரையும் அடைப்புக்குறியையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்தம் துணிபு. இஃது ஏற்புடைத்தன்று.

நேர்மாறு கோதாஞ்சனை நோக்குவோம். கோதாஞ்சன் -1 ஆகும் கோணம் யாது? பாகையிற் சொன்னால், மேப்பிளின் விடை 135. மதமற்றிக்காவின் விடை -45. இரண்டும் பிழையல்ல. அத்தகைய கோணங்கள் எண்ணிறந்தன. அவற்றுள் எதனைத் தெரிவது என்பது வரைவிலக்கணத்தின் பாற்பட்டது. தத்தம் வீட்டில் இரண்டும் ஒழுங்காகவே நடந்துகொள்கின்றன. எல்லை கடக்கும்போதே 180 பாகை வழு, ஓசையின்றிப் புகுந்துவிடுகிறது. கணனியை மட்டும் நோவதிற் பயனில்லை. அப்ரமோவிட்சும் ஸ்டீகனும் தொகுத்து 1964இல் வெளிவந்த புகழ்பெற்ற கைந்நூலே, பிந்திய அச்சொன்றில் இச்சார்பின் வரைவிலக்கணத்தை மாற்றிக்கொண்டது!

நீள்வளையத் தொகையீட்டிலும் இதே கதைதான். மேப்பிள் கேட்பது மட்டினை. மதமற்றிக்கா கேட்பது அதன் வர்க்கத்தை. அங்கே 0.5 எனின் இங்கே 0.25 என எழுதல் வேண்டும்.

இவற்றினும் நுண்ணியது எடுகோள் பற்றிய சிக்கல். x வர்க்கத்தின் வர்க்கமூலத்தை மக்சிமா, x மெய்யெண் எனக் கொண்டு, அதன் தனிப்பெறுமானமாகச் சுருக்கிவிடும். சிம்பையோ x சிக்கலெண்ணாகவும் இருக்கலாமெனக் கருதிச் சுருக்காது விடும். மக்சிமாவின் விடையைச் சிம்பைக்குக் கொண்டுசெல்பவர் கோவையைக் கொண்டுசெல்கிறார், எடுகோளை விட்டுச்செல்கிறார்.

1990களில் தொடங்கிய ஓப்பன்மத் முயற்சி இந்நோயைச் சரியாகவே இனங்கண்டது. ஒவ்வொரு குறியீட்டையும் ஓர் அகராதியோடு பிணைத்து, அவ்வகராதி தரும் பொருளிலேயே பரிமாறவேண்டும் என்றது. ஆனால், அகராதியின் விளக்கங்களுட் பல மனிதர் வாசிப்பதற்கென எழுதப்பட்டவை. மாற்றியை ஆக்குவோர் அவற்றை வாசியாது பெயரொப்புமை கண்டு இணைத்துவிடின், பழைய வழு புதிய உடையில் வரும். மொழிபெயர்ப்புப் பயிலும் எமக்கு இது புதிதன்று.

ஐயமுள்ள இடத்தில் "இயலாது" என மறுத்து நிற்கும் மாற்றியையே யான் மேலெனக் கொள்வேன். எம்மிற் பலரோ ஒன்றின் விடையைப் பிரதிசெய்து மற்றொன்றில் ஒட்டுகிறோம். பிழைச்செய்தி வராமையையே சரிக்குச் சான்றாகவும் கொள்கிறோம்.