மதிலுக்கு வெளியே மடிந்தோர்

போர்த்துக்கேயப் படைவீரன் ஜொவாவோ ரிபெய்ரோ 1685இல் எழுதி முடித்த இலங்கை வரலாற்றின் உயிரான பகுதி, 1655-56இல் ஒல்லாந்தர் கொழும்பை முற்றுகையிட்ட கதையேயாகும். பீரங்கியோடு பசியும் சேர்ந்தே கோட்டையை வீழ்த்திற்று என்பதை அவன் மறைத்தானில்லை. அது நூலின் சிறப்பு. 1656 மே 12இல் சரணடைந்து வெளியேறிய வீரர் 73 பேர் என்று கணக்கும் தருகிறான். ஆனால், உணவை மிச்சப்படுத்தக் கோட்டையார் வெளியே தள்ளிய ஏழைகளை ஒல்லாந்தரும் விரட்டியடித்தனர். மதிலுக்கும் பாசறைக்கும் இடையே அவர்கள் மடிந்தனர். அந்த எழுபத்து மூன்றில் அவர்களுக்கு இடமில்லை.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் இந்நூலைப் படிப்போர் இவ்விடத்தை எளிதில் கடந்துவிட மாட்டார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு அரசுகளிடையே பங்கிடப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். தளபதிகளின் வீரத்தை மட்டும் வியக்கும் விமர்சனம் நமக்குப் போதாது. கணக்கில் வராதவர்களையும் எண்ணியே வரலாற்றை நாம் படிப்போம்.