பெரகலப் பாதைக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என்று வரும் ஏ4 வீதி, ஹல்துமுல்லையைத் தாண்டியதும் பெரகலச் சந்தியில் பிரிகிறது. ஏ16 இடப்பக்கமாக ஏறி ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலைக்குப் போகிறது. ஏ4 கொஸ்லந்தைப் பக்கமாக இறங்கி, தியலும நீர்வீழ்ச்சியின் காலடியைத் தொட்டுக்கொண்டு வெல்லவாயை அடைகிறது. இரத்தினபுரி வரை நெரிசலான பாதை. பலாங்கொடைக்குப் பின் நீண்ட வளைவுகள். பெரகலயிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். தூரத்தையும் வளைவையும் ஒரே நாளில் ஒரே வண்டியிடம் கேட்கும் பாதை இது. இவ்விரண்டையும் ஒருசேரத் தருவதாகச் சொல்லித்தான் 'ஸ்போர்ட் டூரிங்' வகை மோட்டார் சைக்கிள்கள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. அந்த வாக்கை எடைபோட இலங்கையில் இதைவிடப் பொருத்தமான பாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் தூரப்பயணம் பொழுதுபோக்காகச் செய்வது மட்டுமல்ல. ஹப்புத்தளை, கொஸ்லந்தை, பூனாகலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கட்டட வேலைக்கும் போன பிள்ளைகளில் பலர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மோட்டார் சைக்கிளிலேயே ஊர் திரும்புகிறார்கள். வேலை முடித்து இரவில் புறப்பட்டு, ஏறக்குறைய 180 கிலோமீற்றர் ஓடி, களைத்த கைகளோடு பனிமூட்டத்துக்குள் பெரகல ஏற்றத்தைப் பிடிக்கிறார்கள். பின்னால் தம்பியோ கூட்டாளியோ உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு வாங்கிய சாமான்கள் பெற்றோல் டாங்கியின் மேல் கட்டப்பட்டிருக்கும். எதிரே மரக்கறி லொறிகளும் இரவு பஸ்களும் இறங்கிக்கொண்டிருக்கும். எந்த வண்டி நல்லது என்ற கேள்வி இவர்களுக்கு உயிரோடு சம்பந்தப்பட்டது. மோட்டார் சைக்கிள் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுவதில்லை என்பதே என் முதல் குறை.

ஸ்போர்ட் டூரிங்கின் கதையை 1976இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ்ஸிலிருந்து தொடங்குவது வழக்கம். காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய முழு முன்கவசத்துடன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டி அது. 1990இல் ஹொண்டாவின் எஸ்டி1100, 2001இல் யமஹாவின் எஃப்ஜேஆர்1300 என்று அந்த வழி நீண்டது. இவற்றை வடிவமைத்தவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி மிகச் சரியானது: ஆறாவது மணித்தியாலத்தில் ஓட்டுநரின் உடல் எந்த நிலையில் இருக்கும்? நெஞ்சில் அறையும் காற்றை முன்கவசம் ஒதுக்குகிறது. இருக்கை அகலமாக இருக்கிறது. ஹேண்டில் எட்டும் உயரத்தில் இருப்பதால் உடலின் பாரம் மணிக்கட்டில் விழுவதில்லை. சாமான் பெட்டிகள் பின்சில்லின் இருபுறமும் தாழ்வாக அமைகின்றன. எஃப்ஜேஆர் போன்றவற்றில் சங்கிலிக்குப் பதிலாகத் தண்டு ஒன்று பின்சில்லைச் சுழற்றுவதால், மழைச்சேற்றில் சங்கிலிக்கு எண்ணெய் விடும் வேலையும் இல்லை. சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் இந்தப் பக்கமிருந்துதான் வந்தது, 1988இல், பிஎம்டபிள்யூவின் கே100 வரிசையில்.

இவற்றை ஆடம்பரம் என்று தள்ள என்னால் முடியாது. எங்கள் பாதையில் கடினமான பகுதி கடைசியில் இருக்கிறது. நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடிக் களைத்த பிறகுதான் மலை தொடங்குகிறது. அங்கே வந்து சேரும்போது ஓட்டுநரிடம் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்பதே பயணத்தின் முடிவைத் தீர்மானிக்கும். மரத்துப்போன விரல்கள் பிரேக்கைப் பிடிக்கக் கொஞ்சம் தாமதித்தால் போதும். களைப்பைக் குறைக்கும் எதுவும் பாதுகாப்புக் கருவிதான் என்பதை அந்த வடிவமைப்பாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் அந்த நல்ல எண்ணத்தை அவர்கள் ஏற்றிவைத்த உடல் எங்கள் மலைக்கு உரியதல்ல. எஃப்ஜேஆர் ஏறக்குறைய 290 கிலோ. கவாஸகியின் 1400ஜிடிஆர் 300 கிலோவைத் தொடும். ஐரோப்பிய நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் நாள் முழுக்க அசையாமல் போவதற்கு அந்தப் பாரம் உதவுகிறது. இலங்கையிலோ அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. எந்த வேலைக்காக அந்தக் கனமும் குதிரைவலுவும் சேர்க்கப்பட்டனவோ அந்த வேலை இங்கே இல்லை. மிஞ்சுவது கனம் மட்டும்.

வளைவில் பெரிய வண்டி வேகமாகப் போகும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. கணக்கு அதற்கு இடம் தராது. பத்து மீற்றர் ஆரையுள்ள கொண்டையூசி வளைவொன்றை 30 பாகை சாய்வில் எடுத்தால் வேகம் மணிக்கு 27 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும். 45 பாகை வரை சாய்த்தாலும் 36ஐத் தாண்டாது. அந்தச் சாய்வும் காய்ந்த தாரில், நல்ல டயரில், கைதேர்ந்தவருக்கே கைகூடும். வளைவின் ஆரை, சாய்வு, புவியீர்ப்பு ஆகிய மூன்றுமே இந்தக் கணக்கில் வருகின்றன. வண்டியின் எடையோ எஞ்சினின் அளவோ வருவதில்லை. 150 சீசீ வண்டியும் 1300 சீசீ வண்டியும் ஹப்புத்தளை ஏற்றத்தின் கொண்டையூசியில் சமம். டயர் அகலமானால் அதே வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கும் என்பதால், தோற்றத்துக்காகப் பூட்டப்படும் அகன்ற பின்டயர் வளைவில் ஓட்டுநருக்கு எதையும் சேர்த்துத் தருவதில்லை. தேயிலைத் தோட்டத்துக் கிளைப்பாதைகளிலிருந்து மழைநீர் அடித்துக்கொண்டு வந்த செம்மண் தாரில் பரவிக் கிடக்கும்போது, எல்லாரும் 20க்குக் கீழே இறங்க வேண்டியதுதான்.

பெரிய எஞ்சின் வெல்வது வளைவை விட்டு வெளியேறும் இடத்தில். இரண்டு பேரோடும் சாமானோடும் ஏற்றத்தில் ஒரு லொறியை முந்த வேண்டுமென்றால் 100 சீசீ வண்டிக்கு அது ஆபத்தான நீண்ட வேலை. போதாததற்கு, உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது காற்று மெலிந்து எஞ்சினின் வலுவில் ஏறக்குறைய பத்து வீதம் குறைகிறது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கீழே எட்டுக் குதிரைவலுவாக இருந்தது மேலே ஏழாகிவிடும். ஆகவே வலு வேண்டாம் என்பதல்ல என் வாதம். இருபது, இருபத்தைந்து குதிரைவலு, அதுவும் எஞ்சின் அதிகம் சுழலாமலேயே கிடைக்கும் இழுவை, இந்த மலைக்குப் போதும். நூற்று நாற்பது குதிரைவலு இங்கே திறக்கவே முடியாத ஒன்று.

இறக்கம்தான் இன்னும் பெரிய சோதனை. ஹப்புத்தளையிலிருந்து பெரகல வழியாக வெல்லவாய வரை உயரம் ஆயிரம் மீற்றருக்கு மேல் குறைகிறது. 300 கிலோ வண்டியில் இருவரும் சாமானும் ஏறினால் மொத்தம் 460 கிலோ. அதே ஆட்கள் 150 கிலோ வண்டியில் ஏறினால் 310. பிரேக்கும் எஞ்சினும் சேர்ந்து விழுங்க வேண்டிய சக்தி முன்னதில் ஒன்றரை மடங்கு. பெரிய வண்டிக்கு முன்சில்லில் இரட்டை டிஸ்க் உண்டு, பெரிய எஞ்சின் கியரில் நன்றாகவே இழுத்துப் பிடிக்கும். அதனால் அது தன் பாரத்தைத் தானே சமாளித்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அபாயம் அதிகம் சிறிய வண்டியில்தான் இருக்கிறது, அதற்குக் காரணம் வண்டி மட்டுமல்ல. பெற்றோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் போட்டு இறக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. எஞ்சின் செய்ய வேண்டிய வேலை முழுவதும் அப்போது பின்சில்லின் ட்ரம் பிரேக்கிலும் முன்னாலுள்ள ஒற்றை டிஸ்க்கிலும் விழுகிறது. டொட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருந்தால் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்துக் குமிழி விட்ட எண்ணெயில் லீவர் வெறுமனே உள்ளே போகும். எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இரண்டாம் மூன்றாம் கியரில் இறங்குங்கள் என்று சொல்வது ஆயிரம் சீசீ வண்டி வாங்கச் சொல்வதைவிட இந்தப் பாதையில் அதிக உயிர்களைக் காக்கும்.

முன்கவசத்தைப் புகழ்ந்தேன், அதற்கும் இந்த மலையில் ஒரு மறுபக்கம் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹப்புத்தளை முகட்டில் காற்று பக்கவாட்டில் வந்து மோதும். மலைச்சுவர் மறைத்திருக்கும்வரை அமைதியாக இருந்துவிட்டு, திருப்பத்தில் திடீரென்று அடிக்கும். முழுக்கவசமும் பக்கப் பெட்டிகளும் அப்போது அந்தக் காற்றுக்குப் பெரிய பரப்பாகக் கிடைக்கின்றன. விளக்கும் அப்படியே. முழுக்கவச வண்டிகளில் முன்விளக்கு சட்டத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வெளிச்சம் திரும்பாது. கொண்டையூசியில் அது பள்ளத்துக்கு மேலுள்ள மூட்டத்தில் போய்ப் பரவும், பாதை இருட்டாக இருக்கும். இந்தக் குறையைத் தீர்க்க பிஎம்டபிள்யூ தன் கே1600 வண்டியில் வளைவுக்கேற்ப ஒளியைத் திருப்பும் விளக்கைக் கொண்டுவந்தது. ஹேண்டிலோடு விளக்கும் திரும்பும் சாதாரண வண்டிக்கு அந்த வசதியில் ஒரு பங்கு செலவில்லாமலே கிடைத்திருக்கிறது.

மழைக்காலத்தில் இன்னொன்றும் நேரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்து லயன் வீடுகளை மண்சரிவு மூடிய பிறகு, இந்தச் சரிவுகளில் மழைநாளில் ஓட்டுபவர்கள் பாதையை மட்டுமல்ல, மலையையும் பார்த்தே ஓட்டுகிறார்கள். பாதை மூடிக் கிடந்தால் திரும்பிப் போக வேண்டும். சாய்வான ஒடுங்கிய வீதியில், நனைந்த நிலத்தில், 290 கிலோ வண்டியைத் தனியாளாகத் திருப்புவது எளிதல்ல. சரிந்தால் தூக்க இன்னும் இருவர் வேண்டும். தம்பேத்தன்ன போன்ற தோட்டப் பாதைகளில் எதிரே லொறி வரும்போது ஓரம் கட்டுவதற்கும் இதே நிலைதான். உதிரிப்பாகம் என்று பார்த்தால் பண்டாரவளையிலும் பதுளையிலும் பஜாஜுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் ஹொண்டாவுக்கும் பொருள் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பெரிய வண்டிக்காரர் கொழும்பைத்தான் பார்க்க வேண்டும்.

2022ஐயும் மறக்கக்கூடாது. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் 150 சீசீ வண்டி அதைக்கொண்டு கொழும்பிலிருந்து பெரகல வரை வந்துவிடும். லீற்றருக்கு 18 ஓடும் பெரிய வண்டி அவிசாவளையைத் தாண்டினாலும் இரத்தினபுரியைக் காணாது.

அப்படியானால் எதை எடுப்பது? இந்தியத் தயாரிப்புகளில் ஸ்போர்ட் டூரிங் என்ற எண்ணத்தைச் சிறிய உடலில் முயன்றுபார்த்த வண்டிகள் சில உண்டு. பல்சர் 220, 21 குதிரைவலு, 15 லீற்றர் டாங்கி, அரை முன்கவசம், நல்ல புரொஜெக்டர் விளக்கு என்று, தூரம் ஓடுபவர்களின் தேவையைப் புரிந்துகொண்ட வண்டி. அதன் தாழ்ந்த ஹேண்டில்தான் இறக்கத்தில் மணிக்கட்டை வதைக்கும். 2019இல் வந்த சுஸுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 இன்னும் சீரானது: 161 கிலோ, 26 குதிரைவலுவுக்கு மேல், பந்தய வண்டித் தோற்றம் இருந்தாலும் உட்காரும் நிலை அவ்வளவு குனிந்ததல்ல. பஜாஜ் டொமினார் 400க்கு வலுவும் உண்டு, ஏபிஎஸ்ஸும் உண்டு; ஏறக்குறைய 190 கிலோ எடை ஒடுங்கிய திருப்பத்தில் தெரியும். ரோயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 ஸ்போர்ட் டூரர் வகையைச் சேர்ந்ததே அல்ல. எடை டொமினாரைவிடக் கூட, வலு 24 அளவுதான். ஆனாலும் நிமிர்ந்து உட்காரும் இருக்கை, 200 மில்லிமீற்றர் அசையும் முன் சஸ்பென்ஷன், மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் இழுவை ஆகியவற்றால் உடைந்த தாரில் மற்றவற்றைவிட அமைதியாகப் போகும். இரத்தினபுரி வரை ஜிக்ஸரையும் பெரகலவுக்கு மேல் ஹிமாலயனையும் தேர்வேன். ஒன்றுதான் என்றால், ஜிக்ஸரின் எடையும் ஹிமாலயனின் இருக்கையும் சேர்ந்த ஒரு வண்டியை எந்த நிறுவனமாவது எங்களுக்காகச் செய்ய வேண்டும் என்பேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிய நிலையில், இறக்குமதியாளர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஒப்பீடு எழுதுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பூச்சியத்திலிருந்து நூறை எட்ட எத்தனை விநாடி, உச்ச வேகம் எவ்வளவு என்ற அளவுகளால் எங்களுக்குப் பயனில்லை. இருவர் ஏறிய வண்டி மூன்றாம் கியரில் முப்பதிலிருந்து ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது, நனைந்த தாரில் நாற்பதிலிருந்து எத்தனை மீற்றரில் நிற்கிறது, முழுவதும் ஒடித்த ஹேண்டிலில் எவ்வளவு அகலத்தில் திரும்புகிறது, இருபது கிலோமீற்றர் இறக்கத்துக்குப் பின் பிரேக் லீவர் எப்படி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். வாங்குபவன் சம்பளத்தில் பல வருடங்களை அதில் கட்டப்போகிறான்.

பின்னிருக்கையையும் அளவிடுங்கள். பெரிய ஸ்போர்ட் டூரர்கள் இந்த ஒரு விடயத்தில் எல்லாரையும் வென்றுவிட்டன: அகன்ற பின்னிருக்கை, இரண்டு கையாலும் பிடிக்கக்கூடிய கம்பி, கால் இயல்பாக மடங்கும் உயரத்தில் மிதி. எங்கள் கடைகளில் இளைஞர்களுக்கென்று விற்கப்படும் வண்டிகளில் பலவற்றின் பின்னிருக்கை உயர்ந்து, குறுகி, பிடிமானமில்லாமல் இருக்கிறது. அதில்தான் கர்ப்பிணி மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார்கள், காய்ச்சல்கார அப்பாவைத் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகிறார்கள். பெரகல வளைவுகளில் பின்னால் இருப்பவர் ஓட்டுநரின் இடுப்பை இறுகப் பற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாத வண்டி, எவ்வளவு குதிரைவலு இருந்தாலும், என் கணக்கில் தூரப்பயண வண்டி அல்ல.