புலான் மறுத்தல்: இயற்கையா, அருளா?

மனிதன் இயல்பிலே தாவர உணவினனா, ஊன் உணவினனா என்னும் வினா மிகப் பழையது. சைவ மேடைகளிலே புலாலுண்ணாமையை வலியுறுத்துவோர் சிலர், மனிதனுடைய பல்லும் நகமும் குடலும் தாவர உணவுக்கென்றே அமைந்தன என்று கூறி, அதற்கு அரணாகத் திருக்குறளின் 26 ஆம் அதிகாரமாகிய ‘புலான் மறுத்தல்’ என்பதனையும் எடுத்துக்காட்டுவர். அவ்வதிகாரம் அவ்வாதத்துக்கு இடந்தருகின்றதா என்பது ஆராயற்பாலது.

உடலமைப்பைக் காட்டி ஊனுணவை மறுக்கும் முறை மேனாட்டிலே நெடுங்காலம் வழங்கிவந்தது. கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளிலே வாழ்ந்த கிரேக்க அறிஞர் புளூட்டாக், வளைந்த அலகும் கூரிய நகமும் இல்லாத மனிதன் ஊனுண்ணப் பிறந்தவனல்லன் என்றார். இதனை மறுப்போர் கத்தியும் கோடரியுமின்றித் தாமே விலங்கைக் கொன்று தின்று காட்டுக என்றும் அறைகூவினார். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1813 இல் வெளியிட்ட சிறுநூலொன்றிலே, ஒப்பீட்டு உடற்கூற்றியலைத் துணைக்கொண்டு, மனிதன் கனியுண்ணும் விலங்குகளையே ஒத்தவன் என வாதித்தார்.

இவ்வாதத்தில் உண்மை சிறிதுமில்லை என்பதற்கில்லை. மனிதனுடைய கோரைப்பல் புலியினது போன்றதன்று. அவனுடைய உமிழ்நீர் மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் இயல்பினது. ஆயினும் புல்லையும் வைக்கோலையும் செரித்தற்குப் பசுவுக்கு அமைந்த நான்கறை இரைப்பை அவனுக்கில்லை. இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட விலங்கெலும்புகளிலே கற்கருவி கொண்டு தசையை அறுத்த வடுக்கள் காணப்பட்டுள்ளன. மனிதனுக்கு நெருங்கிய இனமாகிய சிம்பன்சிக் குரங்குகளும் வேட்டையாடி ஊனுண்ணுதலை, 1960 இல், இன்று தன்சானியா எனப்படும் நாட்டின் கொம்பேக் காட்டிலே ஜேன் குடோல் கண்டறிந்தார். 1948 இல் பிரித்தெடுக்கப்பட்ட விற்றமின் பி12 மனிதனுக்கு இன்றியமையாதது. நுண்ணுயிர்களால் ஆக்கப்படும் அது, ஊன், முட்டை, பால் முதலியவற்றிலே கிடைப்பதன்றித் தாவர உணவிலே போதிய அளவு கிடைப்பதில்லை. ஆகவே மனிதன் இரண்டும் உண்ணவல்ல உடலினன் என்பதே பெறப்படும் முடிபு. உண்ணவல்லன் என்பதனால் உண்டேயாக வேண்டியவன் என்பது பெறப்படாது. சோறும் பருப்பும் பாலும் தயிரும் கொண்டு செவ்வனே வாழ்வோர் அதற்குச் சான்றாவர்.

தமிழர்தம் பண்டை வழக்கும் இம்முடிபுக்கு மாறானதன்று. கரிகாலன் அளித்த ஊனை இரவும் பகலும் தின்றமையாற் பொருநனுடைய பற்கள், கொல்லையை உழுத கொழுப்போல மழுங்கின எனப் பொருநராற்றுப்படை கூறும். புறநானூற்றின் 14 ஆம் பாட்டிலே கபிலர், ஊன்சோறு உண்டலன்றி வேறு தொழிலறியாமையாற் பாடுவோர் கைகள் மென்மையுற்றன எனச் சேரன் செல்வக்கடுங்கோவுக்கு விடையிறுக்கின்றார். இத்தகைய மரபினையுடைய மக்களை நோக்கி, ‘உம் பல் ஊனுக்கு அமைந்ததன்று’ என்று வள்ளுவர் கூறியிருப்பின், அவர் கூற்று எடுபட்டிராது.

வள்ளுவர் அவ்வாறு கூறினாரல்லர். உடலுக்கு ஏற்ற உணவு இன்னது என அவர் ஆராயுமிடம் 95 ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து, நன்கு பசித்தபின், உடலோடு மாறுபடாத உணவை உண்ணல் வேண்டும் என்பதே ஆண்டுப் பெறப்படுவது. புலாலைப் பற்றி ஆண்டு ஒரு சொல்லேனும் இல்லை. புலான் மறுத்தலையோ அவர் அருளுடைமைக்கும் தவத்துக்கும் இடையே வைத்தார். தன் ஊனைப் பெருக்கப் பிறிதோர் உயிரின் ஊனை உண்பவன் அருளை ஆள்வது எங்ஙனம் என்பதே அவர் முதல் வினா. புலாலைப் பிறிதோருடம்பின் புண் என அவர் காட்டுமிடத்து, உண்பவனுடைய பல்லிலன்றி, உண்ணப்படுவதன் நோவிலே பார்வை பதிகின்றது. தின்பார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்பதனால், கொல்லாது விலைக்கு வாங்கியுண்பவனும் கொலைக்கு உடந்தையாவன் என்பது பெறப்படும்.

அதிகாரம் முழுவதும் ஒரே வலிமையுடையதன்று. ஊனுண்டவனை நரகம் விழுங்கின் மீள விடாது என்னும் கருத்து அச்சத்தின்பாற்பட்டது. புண் என்னும் ஒரு சொல் நெஞ்சைத் தொடுமளவுக்கு அது தொடுவதன்று. அதிகாரம் துறவறவியலிலே நிற்றலின், இல்லறத்தானை இது கட்டுப்படுத்துமோ என்னும் ஐயமும் எழும். ஆயின் விற்பவனும் வாங்குபவனும் கூடும் சந்தை துறவிக்குரியதன்று, இல்லறத்தானுக்கே உரியது. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சிறுவர்க்கென எழுதிய பாலபாடத்து நான்காம் புத்தகத்திலே புலாலுண்ணலைத் தனிப்பாடமாக வைத்தமை, இவ்வறத்தை யாழ்ப்பாணத்து இல்லந்தோறும் உரியதாக்கக் கருதியதேயாம்.

உடலமைப்பை அடிப்படையாகக் கொண்டு புலாலை மறுப்பவன், விலங்கியல் நூலொன்றைக் கற்ற அன்றே தன் கொள்கையைக் கைவிட நேரும். பள்ளியிலே அவ்வாறு நேரும் மாணவன், தவறான ஏதுவோடு நல்ல அறத்தையும் சேர்த்து எறிந்துவிடுவான். வள்ளுவர் இட்ட அடிப்படைக்கு அத்தகைய இடரில்லை. மனிதன் ஊனுண்ண வல்லவன் என்பது மெய்யாயினன்றோ உண்ணாமை அவனுக்கு ஓர் அறமாகும்! புல் மேயும் மானைப் புலால் மறுத்தது என்று எவரும் போற்றுவதில்லை.