பிஎஸ்பிபியிலிருந்து எக்செல்லுக்கு: கொக்கிளாயின் 'ய்' எங்கே போனது?

பிரதேச செயலகம் கேட்டாலும் சரி, கடற்றொழிலாளர் சங்கம் கேட்டாலும் சரி, தொண்டு நிறுவனம் கேட்டாலும் சரி, கடைசி வரி ஒன்றுதான்: "எக்செல்லில் அனுப்புங்கோ." கணக்கெடுப்பை எந்தப் புள்ளிவிவர மென்பொருளில் செய்தோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே பிஎஸ்பிபியை இந்த முறை அந்த ஒரு வேலைக்காக மட்டும் சோதித்தேன். உள்ளே போட்ட தரவு எக்செல்லில் அப்படியே வந்து சேருகிறதா?

எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றாக க்னூ திட்டம் தரும் இலவச மென்பொருள் இது. காலாவதித் திகதி இல்லை, ஓடுவதற்கு இணையம் தேவையில்லை. எஸ்பிஎஸ்எஸ்ஸின் சாவ் கோப்பை நேரே திறக்கும். உபுண்டு போட்ட பழைய மடிக்கணினியிலும் முனகாமல் ஓடுகிறது. சோதனைக்காகக் களப்பு மீன்பிடிப் பதிவேடு ஒன்றைக் கற்பனையாகத் தயாரித்தேன். நிரல்கள்: ஊர், வீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, தொழில்முறை, பிடித்த திகதி, நிறை. ஊர்கள் மட்டும் உண்மை: கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு.

கட்டளை எழுதத்தான் வேண்டும்

முதல் ஏமாற்றம் பட்டியலிலேயே இருக்கிறது. 'சேவ் ஆஸ்' பெட்டியில் எக்செல் கிடையாது. 'சேவ் ட்ரான்ஸ்லேட்' என்ற கட்டளையைத் தட்டெழுத வேண்டும். அதுவும் தருவது சிஎஸ்வி அல்லது டாப் பிரித்த கோப்பு மட்டுமே.

கட்டளையோடு சேர்க்க வேண்டியவை சில. 'ஃபீல்ட்நேம்ஸ்' போடாவிட்டால் நிரல்களுக்குத் தலைப்பு வராது. 'செல்ஸ்=லேபல்ஸ்' போடாவிட்டால் 'கரைவலை' என்ற சொல் வராமல் 1 என்ற குறியீடு வரும். 'மிஸ்ஸிங்=ரீகோட்' இவற்றில் முக்கியமானது. பதில் சொல்லாதவரின் நிறைக்கு 999 என்று போட்டு, அதை விடுபட்ட மதிப்பாக அறிவித்திருந்தேன். பிஎஸ்பிபி சராசரி எடுக்கும்போது அதை ஒதுக்கிவிடுகிறது. ஆனால் இந்தச் சொல் இல்லாமல் ஏற்றுமதி செய்தால் 999 வெறும் எண்ணாகப் போய்ச் சேரும். எக்செல்லும் ஒருவர் ஒரே நாளில் 999 கிலோ இறால் பிடித்தார் என்று நம்பிச் சராசரி போடும்.

இரண்டு ஊர் ஒன்றான கதை

ஊர் நிரலுக்கு வேண்டுமென்றே அகலம் 24 கொடுத்துப் பார்த்தேன். ஏற்றுமதியான கோப்பில் கொக்கிளாய் 'கொக்கிளா' என்று நின்றது. கொக்குத்தொடுவாய் 'கொக்குத்' ஆகிவிட்டது. அகலத்தை 12 ஆக்கினால் இரண்டு ஊரும் 'கொக்'. பிவட் அட்டவணை இரண்டையும் ஒரே ஊராகக் கூட்டிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது.

காரணம் எளிது. அகலம் எழுத்தில் அல்ல, பைட்டில் எண்ணப்படுகிறது. கொக்கிளாய் நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் கணினிக்கு அது 10 குறி. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 30. கொக்குத்தொடுவாய்க்கு 48. தமிழ் எழுத்தை எண்ணி ஆறால் பெருக்கி அகலம் கொடுத்தால் தப்பலாம். வெட்டு விழுந்தது தரவை உள்ளே எடுத்த நேரத்தில். ஏற்றுமதி அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

இரட்டைச் சொடுக்கு என்னும் வினை

சிஎஸ்வி கோப்பை விண்டோஸ் எக்செல்லில் இரண்டு முறை சொடுக்கித் திறந்தால் ஊர்ப் பெயர்கள் சிதைந்து போகின்றன. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', திரும்பத் திரும்ப அதே சோடி. தமிழின் ஒவ்வொரு குறியும் ஒரே பைட்டில் தொடங்குவதால்தான் இந்த அச்சு. இதைக் கண்டால் பதறி ஏற்றுமதியை மீண்டும் செய்ய வேண்டாம். கோப்பை நோட்பாடில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் சரியாக இருந்தால் கோப்பில் கோளாறு இல்லை. எக்செல்லின் 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் போய், 65001 யூனிகோடைத் தேர்ந்தால் எழுத்து திரும்பிவிடும்.

நம் அலுவலகங்களில் இன்னும் உயிரோடிருக்கும் பாமினிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. பாமினியில் 'இ' என்பது காற்புள்ளிச் சாவி, மெய்யின் புள்ளி என்பது அரைப்புள்ளிச் சாவி. சிஎஸ்வியோ நிரல்களைப் பிரிப்பதே காற்புள்ளியால். மேற்கோள் குறி இல்லாத கோப்பில் 'இராசதுரை' என்ற பெயர் தொடங்கும் இடத்திலேயே நிரல் உடைந்து, பின்னால் வருவதெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். பாமினித் தரவை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

இலக்கங்களுக்கும் இரட்டைச் சொடுக்கில் அடி விழுகிறது. தொலைபேசியின் முன் 0 பறிபோகும். வீட்டு இலக்கம் 3/4 திகதியாகிவிடும். 12 இலக்க அடையாள அட்டை எண் அறிவியல் குறியீடாகச் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் உள்ளே எண் முழுதாகத்தான் இருக்கும். ஆனால் அதையே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் கண்ணில் தெரியும் சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். வி அல்லது எக்ஸ் எழுத்தில் முடியும் பழைய அட்டை எண்ணுக்கு இந்த ஆபத்து இல்லை. மைக்ரோசொப்ட் 365இல் 2023 முதல் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் தெரிவு உண்டு. பழைய எக்செல் வைத்திருப்பவர்கள் கோப்பை எடுக்கும்போதே அந்த நிரல்களை 'டெக்ஸ்ட்' என்று குறிக்க வேண்டும்.

திகதியில் மட்டும் பழி பிஎஸ்பிபிக்கும் உண்டு. அது சாதாரணமாக மாதத்தை முன்னே எழுதுகிறது. 2024 மார்ச் 4, 03/04/2024 என்று வெளிவரும். நாளை முன்னே வைக்கும் நம் கணினி அதை ஏப்ரல் 3 என்று படிக்கும். மார்ச் 25 என்றால் 25ஆம் மாதம் இல்லாததால் திகதியாக மாறாமல் வெறும் சொல்லாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நிரலில் பாதி பிழை, பாதி சொல். திகதி மாறிக்கு ஆண்டு முன்னே வரும் 'எஸ்டேட்' வடிவம் கொடுத்து, கட்டளையில் 'ஃபோர்மட்=வேரியபிள்' சேர்த்தால் 2024/03/04 என்று வரும், குழப்பம் தீரும். ஆனால் அப்போது தசம எண்களும் அவற்றின் வடிவப்படி சுருங்கும் என்பதால் நிறை நிரலுக்குப் போதிய தசமத்தானம் கொடுத்துவிடுங்கள்.

மற்றவை எப்படி?

எஸ்பிஎஸ்எஸ்ஸும் ஸ்டாட்டாவும் நேரே எக்செல் கோப்பு தருகின்றன. நிரலின் வகையும் கூடவே போவதால் மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. ஆனால் இரண்டுக்கும் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆர் இலவசம். அதன் வழக்கமான சிஎஸ்வி கட்டளை, கேட்காமலே வரிசை எண் நிரல் ஒன்றை முன்னே செருகும். 'ரைட்எக்ஸ்எல்' தொகுப்பைச் சேர்த்தால் நேரடி எக்செல் கோப்பு கிடைக்கும். நிரல்மொழி எழுதப் பழகியவருக்கு அதுவே சிறந்தது.

எதைப் பாவித்தாலும் அனுப்புமுன் இரண்டு பக்கத்திலும் வரிசைகளை எண்ணி, நிறை நிரலின் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாத பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தைப் பாவித்ததால், செப்டம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான 15,841 கொரோனாத் தொற்றுகள் நாளாந்தக் கணக்கில் சேராமல் போயின. அந்த வடிவத்தில் கோப்பு கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தீர்ப்பு

கணக்குக்கு 5க்கு 4, ஏற்றுமதி வசதிக்கு 5க்கு 2. ஊர்ச் சங்கத்துக்கும் மாணவருக்கும் பிஎஸ்பிபி தாராளமாகப் போதும், ஒரு நிபந்தனையோடு: அதன் சிஎஸ்வியை நேரே யாருக்கும் அனுப்பக்கூடாது. லிப்ரே ஒபிஸ் கல்க்கில் திறந்தால், எழுத்துக் குறியாக்கத்தையும் ஒவ்வொரு நிரலின் வகையையும் அது முதலிலேயே கேட்கும். இலக்கங்களை 'டெக்ஸ்ட்' ஆக்கி, திகதி வரிசையைச் சொல்லி, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்து அதை அனுப்புங்கள். அதுவும் இலவசம்தான். மாதாமாதம் பல கோப்புகள் அனுப்பும் அலுவலகம் என்றால் இந்தச் சுற்றுவழி அலுத்துவிடும். அவர்கள் ஆர் படித்த ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.