துக்க விடுப்பும் உறவுப் பட்டியலும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய 29 சட்டங்களை இவற்றுக்குள் அடக்கியிருக்கிறார்கள். இதில் விடுப்பு பற்றிய பகுதிகளை மட்டும் உட்கார்ந்து படித்தேன். அதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

சில வருஷம் முன்னாடி, என்னை வளர்த்த பெரியம்மா தவறிட்டாங்க. கம்பெனியில் துக்க விடுப்பு மூன்று நாள் இருந்தது. போர்ட்டலைத் திறந்தால், 'இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?' என்ற கட்டத்தில் அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளை. அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு அதில் இடமில்லை. கொள்ளி வைத்தவன் நான். லீவுக்குக் காரணம் 'சொந்த வேலை' என்று போட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் அதே காரணம்தான்.

சரி, புதிய சட்டத்தில் என்ன இருக்கு? பேறுகால விடுப்பு 26 வாரம் அப்படியே தொடர்கிறது. கருச்சிதைவு ஆனால் சம்பளத்தோடு 6 வாரம். இது 1961 சட்டத்திலேயே வந்துவிட்டது. பிரிட்டனில் 24 வாரத்துக்கு முந்தைய கர்ப்ப இழப்புக்குத் துக்க விடுப்பு என்பதை 2025 சட்டத்தில்தான் சேர்த்தார்கள், அதுவும் சம்பளம் இல்லாமல். ஆக, இழப்புக்கு விடுப்பு வேணும் என்பது நம்ம சட்டத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அது தாயோடு நின்றுவிட்டது. அதே இழப்பில் தகப்பனுக்கு ஒரு நாள்கூட இல்லை. வீட்டில் வேறு யார் இறந்தாலும் தனியார் ஊழியருக்குத் துக்க விடுப்பு என்று ஒரு வரிகூட இல்லை.

இத்தனைக்கும், சலுகைகளுக்காகக் குடும்பம் என்பதை விரித்திருக்கிறார்கள். தாய்வழித் தாத்தா பாட்டி, பெண் ஊழியரின் மாமனார் மாமியார் வரைக்கும் கணக்கில் வருகிறார்கள். உயிரோடு இருக்கும்போது குடும்பம்; இறந்தால் கம்பெனி முடிவு பண்ணும்!

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947ல் வந்தது. வருஷத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவு தருகிறது, நியாயமான எந்தக் காரணத்துக்கும். இறந்தது யார் என்று அது கேட்பதில்லை. அந்த விதத்தில் நம்ம போர்ட்டலைவிட மேல். ஆனால் அதே 12 நாளில்தான் பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங்கும் பேங்க் வேலையும் அடங்கணும்.

பட்டியல் இல்லாவிட்டால் பொய் சொல்வார்கள் என்பார்கள். லீவுக்காகப் பாட்டியை நாலு தடவை சாகடித்தவன் ஜோக் எல்லா ஆபீசிலும் உண்டு. வருஷத்துக்கு ஐந்து நாள், சம்பளத்தோடு, யாருக்காக என்பதை ஊழியரே சொல்லட்டும் என்று வைத்தால், எத்தனை பாட்டி இறந்தாலும் ஐந்து நாளைத் தாண்டாது. பொய் சொல்கிற சிலருக்குப் பயந்து, உண்மையாகவே இழந்தவர்களைச் 'சொந்த வேலை' என்று பொய் எழுத வைக்கிறோம்.

நானும் இந்த மாதிரி ஃபார்ம்களுக்குக் கோட் எழுதியவன்தான். கொடுத்த பட்டியலை அப்படியே போட்டேன், ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அந்தக் கட்டத்தை எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. எடு என்று சொல்ல ஒரு சட்டம்தான் இல்லை.